வக்ஃபாக நின்ற 18 ஏக்கர்: பினாங்கின் கப்பித்தான் காதிர் முகைதீன் மரைக்காயர்

ஒரு ஊர் வளரத் தொடங்கினால் முதலில் கடை வரும். பிறகு குடியிருப்பு வரும். தொழுவதற்கு ஓர் இடமும் மையத்தை அடக்கம் செய்ய ஒரு நிலமும் வேண்டும் என்ற நினைப்பு பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அதற்குள் நிலத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருக்கும். பிழைப்புக்காக இடம் பெயர்ந்த சமூகங்கள் பலவற்றின் கதை இதுதான்.

இந்த வரிசையை மாற்றிக் காட்டியவர், நம் தமிழ்நாட்டின் பரங்கிப்பேட்டையிலிருந்து கடல் கடந்து போன ஒரு வணிகர். அவர் பெயர் காதிர் முகைதீன் மரைக்காயர். மலேசியாவின் பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுன் என்ற துறைமுக நகரம் உருவான காலத்தில், அங்கிருந்த தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்தவர். மலேசிய மக்கள் இன்றும் அவரைக் 'கப்பித்தான் கெலிங்' என்றுதான் அறிவார்கள். அவர் பெயரில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. ஒரு தெரு இருக்கிறது. அவர் பிறந்த தமிழ்நாட்டில்தான் அவரை அறிந்தவர்கள் குறைவு.

பரங்கிப்பேட்டையும் கடாரமும்

வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் அமைந்த ஊர் பரங்கிப்பேட்டை. ஐரோப்பியர் அதைப் போர்ட்டோ நோவோ என்று அழைத்தார்கள். முஸ்லிம்களுக்கு அது மஹ்மூத் பந்தர். பந்தர் என்றால் துறைமுகம். இங்கிருந்தும் நாகூர், நாகப்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களிலிருந்தும் மரைக்காயர்களின் கப்பல்கள் பருவக்காற்றைப் பிடித்து வங்கக் கடலைக் கடந்து போய் வந்தன. போகும்போது சோழமண்டலக் கரையில் நெய்த துணிகள். வரும்போது மிளகு, பாக்கு, ஈயம். சில கப்பல்களில் கடா நாட்டு யானைகள்கூட வந்தன.

கடா என்று மலாய் மக்கள் சொல்லும் நாட்டைத்தான் நம் பழைய நூல்கள் கடாரம் என்கின்றன. இன்று அது மலேசியாவின் ஒரு மாநிலம். அந்நாட்டு சுல்தான்கள் தங்கள் வணிகத்தைக் கவனிக்கத் தமிழ் முஸ்லிம் வணிகர்களை அமர்த்துவது வழக்கமாக இருந்தது. ஆக, ஆங்கிலேயர் பினாங்கில் கால் வைப்பதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே நம்மவர்களுக்கு அந்தக் கடல் பழக்கமானது. கடையை மலாய் மொழியில் 'கெடாய்' என்பதும், கப்பலைக் 'காப்பல்' என்பதும் அந்தப் பழக்கத்தின் அடையாளங்கள்.

காதிர் முகைதீனின் காலத்தில் சோழமண்டலக் கரை அமைதியாக இல்லை. 1780ல் ஹைதர் அலியின் படை செங்கம் கணவாய் வழியாகக் கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கியது. 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டை அருகிலேயே ஹைதருக்கும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டுக்கும் பெரும் போர் நடந்தது. கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்தில் இருக்கும் நமக்கு ஹைதரின் வரலாறு தெரிந்ததே. இப்பகுதியின் கோட்டைகள் அந்தப் போர்களைக் கண்டவை. அதே போர்களின் அதிர்வு ஒரு கடலோர வணிக ஊரையும் உலுக்கியது. அந்தக் காலத்தில்தான் கடலுக்கு அப்பால் ஒரு புதிய துறைமுகம் திறந்தது.

காட்டுக்குள் ஒரு நகரம்

1786 ஜூலையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் என்ற கப்பல் தலைவர் பினாங்குத் தீவில் இறங்கினார். ஆகஸ்ட் 11ல் கம்பெனிக் கொடி ஏற்றப்பட்டது. இறங்கிய இடம் காடு. காட்டை வெட்ட ஆட்கள் முன்வரவேண்டும் என்பதற்காக லைட் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்று ஒரு கதை அங்கே வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும் அவர் செய்த இரண்டு காரியங்கள் உண்மை. வெட்டித் திருத்திய நிலத்தை வெட்டியவரே வைத்துக்கொள்ளலாம் என்றார். துறைமுகத்தில் சுங்கம் இல்லை என்றார். சீனர், மலாய்க்காரர், அச்சே நாட்டவர், அரபிகள், நம்மவர்கள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள்.

இந்த நகரத்தின் பிறப்பில் ஒரு கறையும் உண்டு. சியாமின் தாக்குதலிலிருந்து கம்பெனி தன்னைக் காக்கும் என்ற நம்பிக்கையில்தான் கடா சுல்தான் தீவைக் கொடுத்தார். கம்பெனி அந்தப் பாதுகாப்பைத் தரவில்லை. தீவைத் திரும்பப் பெற 1791ல் சுல்தான் திரட்டிய படையையும் லைட் முறியடித்தார். ஆண்டுக்கு 6,000 வெள்ளி என்று ஓர் ஒப்பந்தம் செய்து விவகாரத்தை முடித்தார்கள். 1821ல் சியாம் படையெடுத்து வந்தபோது கடா சுல்தான் அடைக்கலம் தேடி வந்தது இதே பினாங்குக்குத்தான்.

லைட் வகுத்த நகரம் சிறியது. கடலை ஒட்டி பீச் தெரு, வடக்கே லைட் தெரு, மேற்கே பிட் தெரு, தெற்கே சூலியா தெரு. இந்த நான்கு தெருக்களுக்குள் கட்டம் கட்டமாக ஊர் அடங்கியது. தெற்கு எல்லைத் தெருவை முதலில் மலபார் தெரு என்றே அழைத்தார்கள். தென்னிந்தியர் எல்லோரையும் மலபார் என்று பொதுவாகச் சொன்ன காலம் அது. விரைவிலேயே சூலியா தெரு என்ற பெயர் நிலைத்தது. சோழ நாட்டுக் கரையிலிருந்து வந்தவர்கள் என்ற பொருளில் தமிழ் முஸ்லிம்களுக்கு அமைந்த பெயர் அது என்பது பரவலான கருத்து.

1794ல், தாம் இறப்பதற்குச் சற்று முன், லைட் தம் மேலிடத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதன்படி அப்போதே சுமார் 1,000 சூலியாக்கள் கடைக்காரர்களாகவும் கூலிகளாகவும் அங்கே இருந்தார்கள். அதற்கு மேல் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பல்களில் வந்தார்கள். சில வெள்ளிகளைச் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வந்தார்கள்.

இந்த விவரத்தைக் கவனிக்கவேண்டும். எட்டே ஆண்டுகளில் ஒரு தெரு முழுவதும் நம்மவர்கள். ஆனால் பெரும்பாலோர் நிலையாகத் தங்குபவர்கள் அல்லர். மனைவி மக்கள் ஊரில், ஆண்கள் மட்டும் கடல் கடந்து. கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் தோணிகளில் வேலை, மூட்டை தூக்குதல், மாட்டுவண்டி, சில்லறைக் கடை, காசு மாற்றுதல். நோயில் விழுந்தால் கவனிப்பார் யார்? இறந்தால் குளிப்பாட்டி, கஃபனிட்டு, ஜனாஸா தொழவைத்து அடக்குவது எங்கே? பணம் பட்டுவாடாவில் சண்டை வந்தால் யாரிடம் போவது? இந்தக் கேள்விகளுக்குப் பதிலாகத்தான் காதிர் முகைதீன் என்ற பெயர் எழுகிறது.

கப்பித்தான் ஆன வணிகர்

பினாங்கின் முதல் தலைமுறைக் குடியேறிகளில் அவர் ஒருவர். வணிகத்தில் பொருள் சேர்த்தார்; நகரில் நிலபுலன்கள் வாங்கினார். அன்றைய பினாங்கில் முறையான நீதிமன்றம் கிடையாது. அந்தந்தச் சமூகத்தின் சிறு வழக்குகளைத் தீர்க்க, அந்தந்தச் சமூகத்திலிருந்தே ஒரு தலைவரை அரசு நியமித்தது. அவருக்குப் பெயர் கப்பித்தான். சீனர்களுக்கு கோ லே ஹுவான் கப்பித்தானாக இருந்தார். தென்னிந்தியர்களின் கப்பித்தானாக 1801ல் காதிர் முகைதீன் நியமிக்கப்பட்டார். அப்போது பினாங்கின் துணை ஆளுநர் சர் ஜார்ஜ் லீத்.

'கெலிங்' என்ற சொல்லைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்து, தென்னிந்தியர் அனைவரையும் குறிக்க மலாய் மொழியில் வழங்கிய பழைய சொல் அது. இன்று மலேசியாவில் ஒருவரை அப்படி அழைப்பது இழிவாகக் கருதப்படுகிறது. ஆனால் காதிர் முகைதீன் வாழ்ந்த காலத்தில் அது ஒரு பதவியின் பெயர். அதனால்தான் பள்ளிவாசலின் பெயரில் மட்டும் அது மரியாதையோடு தங்கியிருக்கிறது.

பதவி கிடைத்தால் ஒரு வணிகர் என்ன கேட்பார்? வணிகச் சலுகை கேட்கலாம், பண்டகசாலைக்கு இடம் கேட்கலாம். காதிர் முகைதீன் காலத்தில் அரசிடமிருந்து சூலியாக்களுக்குக் கிடைத்தது பள்ளிவாசலுக்கான நிலம். அதே 1801ல் சூலியா தெருவின் தெற்குப் பக்கம் 18 ஏக்கரை லீத் பள்ளிவாசலுக்காக வழங்கினார். அதற்கு முன்பே கம்பெனியின் முஸ்லிம் சிப்பாய்கள் அங்கே தொழுதுவந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. நிலம் கிடைத்ததும் கல் கட்டடமாகப் பள்ளிவாசல் எழுப்ப, காதிர் முகைதீன் இந்தியாவிலிருந்து கொத்தர்களையும் கற்களையும் கப்பலில் வரவழைத்தார் என்பது பினாங்கு முஸ்லிம்களிடம் வழிவழியாக வரும் செய்தி.

18 ஏக்கர் என்றால் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பள்ளிவாசலுக்கு அவ்வளவு நிலம் தேவையில்லை. பள்ளிவாசலைச் சுற்றி அடக்கஸ்தலம் வந்தது, குடியிருப்பு வந்தது, ஒரு மஹல்லாவே உருவானது. அருகிலிருந்த பகுதிக்கு கம்போங் கோலாம் என்று பெயர். கம்போங் என்றால் குடியிருப்பு. கோலாம் என்பது நம் 'குளம்'தான். கப்பலிலிருந்து இறங்கிய பரங்கிப்பேட்டைக்காரரோ நாகூர்க்காரரோ, கடற்கரையிலிருந்து சூலியா தெரு வழியே நடந்தால் சில நிமிடங்களில் பாங்கோசை கேட்கும் இடத்துக்கு வந்துவிடலாம். வேலை, வாடகை, ஊர்ச் செய்தி எல்லாம் அங்கே கிடைத்தன. நாகூர் நாயகத்தின் பெயரால் ஒரு தர்காவும் அதே சூலியா தெருவில் எழுந்தது.

மதீனாவுக்கு வந்த நபி (ஸல்) அவர்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, இரண்டு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமான நிலத்தை விலை கொடுத்து வாங்கிப் பள்ளிவாசல் அமைத்தது. குடியேறியவர்கள் ஒரு சமூகமாக மாறுவதற்கு அது அடித்தளமானது. பினாங்கின் சூலியாக்களுக்கும் பள்ளிவாசல் நிலம் அப்படியே அமைந்தது. வந்து போகும் கூலிகளாக இருந்தவர்கள் ஊர்க்காரர்கள் ஆனார்கள். பலர் மலாய்ப் பெண்களை மணந்தார்கள். அவர்களின் வழித்தோன்றல்களை ஜாவி பெக்கான் என்று அழைத்தார்கள். 'மெரிக்கான்' என்ற குடும்பப் பெயர் இன்றும் மலேசியாவில் மதிப்போடு வழங்குகிறது. அது நம் மரைக்காயர்தான்.

ஏற்றத்தையும் இறக்கத்தையும் கண்டவர்

காதிர் முகைதீனின் வாழ்நாளில் பினாங்கு ஏறவும் செய்தது, இறங்கவும் செய்தது. 1805ல் அது கல்கத்தா, சென்னை, பம்பாய்க்கு அடுத்து நான்காவது மாகாணமாக உயர்த்தப்பட்டது. 1808ல் நீதிமன்றம் வந்தது. அதன் பிறகு கப்பித்தானின் தீர்ப்பு அதிகாரம் மெல்லக் குறைந்தது. அதே ஆண்டில் சையிது ஹுசைன் என்ற அச்சே அரபு வணிகர் பக்கத்திலேயே அச்சே தெருவில் இன்னொரு பள்ளிவாசலைக் கட்டினார். பிட் தெருவின் வடகோடியில் 1818ல் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் எழுந்தது. சீனர்களின் கோயில் ஏற்கெனவே அதே தெருவில் இருந்தது. 1833ல் தமிழ் இந்துக்களின் மாரியம்மன் கோயில் அதன் அருகில் வந்தது. ஒரே தெருவை ஒட்டி நான்கு சமயத்தாரும் வழிபட்டார்கள். அந்தக் கட்டடங்கள் இன்றும் அங்கேயே இருக்கின்றன.

1819ல் சிங்கப்பூர் தொடங்கியதும் வணிகம் தெற்கே நகர்ந்தது. 1826ல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் ஒரே நிர்வாகமாயின. 1832ல் தலைநகரும் சிங்கப்பூருக்குப் போனது. பினாங்கின் காலம் முடிந்தது என்று பலர் நினைத்த வேளையில், 1834ல் காதிர் முகைதீன் இறையழைப்பை ஏற்றார். தம் சொத்தில் ஒரு பகுதியை உயிலின் வழியாக வக்ஃபாக விட்டுச் சென்றார். பள்ளிவாசலுக்கு அருகில், கம்போங் கோலாம் பகுதியில் அவருடைய கப்ரு இருக்கிறது.

அவர் ஒரு மகான் அல்லர், வணிகர். கம்பெனி ஆட்சியின் ஆதரவில் வளர்ந்தவர். கம்பெனி கடா சுல்தானுக்குச் செய்ததை அவரும் கண்டிருப்பார். ஆனாலும் தம் கைக்கு எட்டிய செல்வாக்கைச் சமூகத்துக்கு நிலமாக மாற்றிவைத்தார். அவருடைய வணிகக் கணக்குகள் இன்று யாருக்கும் தேவையில்லை. அந்த நிலம் தேவைப்படுகிறது.

வக்ஃபுக்கு வந்த சோதனை

கதை இங்கே முடிந்திருந்தால் அது வெறும் புகழுரை. அவர் மறைவுக்குப் பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம்.

ஒரு முஸ்லிம் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது என்பது ஷரீஅத் சட்டம். அவர் இறந்த மறு ஆண்டு, 1835ல், பினாங்கு நீதிமன்றம் ஒரு வழக்கில் வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. ஆங்கிலச் சட்டமே இங்கே செல்லும், ஆகவே ஒரு முஸ்லிம் தம் முழுச் சொத்தையும் விரும்பியவருக்கு எழுதலாம் என்றது. வக்ஃபையும் ஆங்கிலேயரின் அறக்கட்டளைச் சட்டத்தின் கண்ணோடுதான் அந்த நீதிமன்றங்கள் பார்த்தன. வாகிஃபின் நோக்கம் ஒரு மொழியில் இருந்தது. சட்டம் வேறொரு மொழியில் பேசியது.

வெளியிலிருந்து வந்த சோதனை இது. உள்ளிருந்து வந்த சோதனை இன்னும் பெரியது. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்து, நீராவிக் கப்பல்கள் பெருகி, பினாங்கு மீண்டும் செழித்தது. 1880களில் கடலைத் தூர்த்துப் புதிய துறைமுகக் கரை அமைத்தார்கள். சூலியா தெரு போன்ற தெருக்களின் கடலோர நீட்சிக்குக் 'காட்' என்று பெயர் வந்தது. நம் வடநாட்டுப் படித்துறைப் பெயர்தான் அது. நிலத்தின் விலை ஏறியது. 18 ஏக்கரைச் சுற்றிலும் வீடுகள் நெருக்கியடித்து எழுந்தன. பள்ளிவாசலுக்கு வரவேண்டிய வருமானம் சரியாக வந்து சேரவில்லை. பொறுப்பாளர்களுக்குள் பூசல் எழுந்தது. கடைசியில் 1905ல் காலனி அரசு முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளுக்கென்று ஒரு சட்டமே இயற்றி, வாரியம் அமைத்து நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. வாரியம் பள்ளிவாசலைச் சூழ்ந்திருந்த நெரிசலை அகற்றியது. 1910ஐ ஒட்டி நியூப்ரோன்னர் என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி பள்ளிவாசல் விரிவாக்கப்பட்டது. இன்று நாம் காணும் முகலாயப் பாணிக் குவிமாடங்களும் மினாராவும் அந்தக் காலப் பணியின் பயன்.

பள்ளிவாசல் அழகானது உண்மை. ஆனால் நம் வக்ஃபைச் சீர்படுத்த அந்நிய அரசு வரவேண்டியிருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. கணக்கு எழுதாத முத்தவல்லியும், கேள்வி கேட்காத ஜமாஅத்தும் சேர்ந்தால் எந்த வக்ஃபும் கரையும். கைபரில் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள் வக்ஃப் செய்தபோது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி தெளிவானது: நிலம் நிற்க வேண்டும், விளைச்சல் போய்ச் சேரவேண்டும்; விற்கவோ, அன்பளிப்பாகக் கொடுக்கவோ, வாரிசுக்குப் பிரிக்கவோ கூடாது. நிலத்தைக் கொடுப்பது ஒரு தலைமுறையின் அமல். அதைக் காப்பது பின்வரும் ஒவ்வொரு தலைமுறையின் அமானிதம்.

2008ல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. பழைய பிட் தெருவின் பெரும்பகுதி இன்று மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. பிட், பிரிட்டனின் பிரதமராக இருந்தவர். அவர் பெயர் இருந்த இடத்தில் பரங்கிப்பேட்டை வணிகர் ஒருவரின் பள்ளிவாசல் பெயர் வந்துவிட்டது.

நம் ஊர்களுக்கு

நமக்குக் கடல் இல்லை. ஆனால் நம் பக்கத்திலும் ஒரு நகரம் வேகமாக வளர்கிறது. சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ஓசூர் மாறிய வேகத்தை நாம் அறிவோம். 2019ல் அது மாநகராட்சியும் ஆகிவிட்டது. நாட்றாம்பாளையம், அஞ்செட்டி மலைக் கிராமங்களிலிருந்து வேலை தேடி இறங்குபவர்களுக்கும், வடமாநிலங்களிலிருந்து ரயில் ஏறி வருபவர்களுக்கும் ஓசூர்தான் துறைமுகம். அவர்களில் முஸ்லிம் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். வாடகை அறையில் தங்கி, கிடைத்த இடத்தில் ஜும்ஆ தொழுது, ஊருக்குப் பணம் அனுப்பும் அவர்கள் நிலை, 1794ன் சூலியாக்கள் நிலையிலிருந்து வெகு தூரம் இல்லை.

புதிதாக விரியும் குடியிருப்புகளில் இன்று ஒரு மனை வாங்க இயலும் செல்வந்தர்கள் நம்மில் உண்டு. வீட்டுக்கு இரண்டு மனை வாங்குபவர்கள், நான்கு பேர் சேர்ந்து அடக்கஸ்தலத்துக்கு ஒரு நிலம் வாங்கிப் பதிவு செய்யலாம். ஏற்கெனவே இருக்கும் வக்ஃப் நிலத்தை அளந்து, எல்லைக் கல் நட்டு, ஆவணங்களைச் சரிபார்த்து, ஆண்டுக் கணக்கை ஜமாஅத்தின் முன் வாசிக்கலாம். இதற்கு மாபெரும் செல்வம் தேவையில்லை. முன்கூட்டியே எண்ணும் மனம் போதும். இருபது ஆண்டு கழித்து எண்ணினால் அந்த நிலம் நமக்குக் கிடைக்காது.

காதிர் முகைதீன் மரைக்காயர் இறந்து 190 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஜார்ஜ் டவுனில் ஐந்து வேளையும் பாங்கு ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஸதகத்துல் ஜாரியா என்று நாம் மேடைகளில் விளக்குவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேடவேண்டியதில்லை.

அல்லாஹ் அவருடைய பணியைப் பொருந்திக்கொள்வானாக. நம் வக்ஃபுகளைக் காக்கும் பொறுப்புணர்வை நமக்கும் தருவானாக. ஆமீன்.